குறட்டையையும் சேர்த்துச் சொல்லுங்கள்

தூக்க ஆய்வுக்கூடத்தில் எங்கள் வேலை, மற்றவர்கள் வீடு திரும்பும் நேரத்தில்தான் தொடங்கும். இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கைலியும் சொந்தத் தலையணையுமாக நோயாளிகள் வந்து சேர்வார்கள். தமிழர்கள் என்றால் முந்தின நாளே தொலைபேசியில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுவேன்: "தலைக்கு எண்ணெய் வைக்காம வாங்க." எண்ணெய்த் தலையில் மூளை அலைகளைப் பதியும் எலக்ட்ரோடு ஒட்டாது. நள்ளிரவில் கழன்று விழுந்தால், தூங்குகிறவரை எழுப்பி மறுபடி ஒட்டவேண்டும்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாவுக்கான (தூக்க மூச்சுத்தடை) வழக்கமான ஆய்வில் தலையில் ஒட்டுவது சில எலக்ட்ரோடுகள்தான். ஆள் தூங்குகிறாரா, எந்த நிலைத் தூக்கம் என்று அறிய அவை போதும். மற்றபடி மூக்கடியில் மெல்லிய குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிஜன் அளவி, தாடையிலும் காலிலும் கம்பிகள். மருத்துவர் அனுப்பும் படிவத்தில் ‘வலிப்பு சந்தேகம்’ என்று இருந்தால் கதை வேறு. நாடா வைத்துத் தலையை அளந்து, சுமார் இருபது இடங்களில் குறியிட்டு ஒட்டவேண்டும். நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் மனிதர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். கூட வந்தவர்கள் இன்னும் அதிகமாகப் பேசுவார்கள்.

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒருவர் வந்திருந்தார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). ஐம்பதை நெருங்கும் வயது, கிடங்கில் வேலை, தடித்த கழுத்து. வலிப்புக்கு இரண்டு வகை மாத்திரை, வேளை தவறாமல் சாப்பிடுகிறார். அப்படியும் நிற்கவில்லை. கூடவே வந்த அவர் மனைவிதான் சொன்னார்: "பகல்ல வந்ததே இல்லம்மா. விடிகாலை மூணு, நாலு மணிக்குத்தான் வருது." கிளம்பும்போது கதவருகே நின்று, ஏதோ வீட்டு விஷயம் சொல்வதுபோல இதையும் சொன்னார்: "குறட்டை பக்கத்து வீட்டுக்கே கேக்கும். நடுவுல சத்தமே இல்லாம போயிடும். நான்தான் தோளப் புடிச்சு உலுக்குவேன்."

"இத டாக்டர்கிட்ட சொன்னீங்களாக்கா?"

"வலிப்பு டாக்டர்கிட்ட போயி குறட்டையப் பத்தி என்னன்னு சொல்றது?"

அந்தக் கேள்வியில் எந்தத் தப்பும் இல்லை. நரம்பியல் ஓர் இடம், குறட்டைக்குப் போனால் காது மூக்கு தொண்டை இன்னோர் இடம். சந்திப்பு வேறு நாள், வரிசை எண் வேறு. ஒரே உடம்பில் ஒரே இரவில் நடப்பதை இரண்டு அறைகளில் பிரித்துச் சொல்லும்படி நாம்தான் மக்களைப் பழக்கிவைத்திருக்கிறோம்.

அன்று விளக்கை அணைத்ததும் அவர் உடனே தூங்கிப்போனார். நான் அடுத்த அறையில் திரையின்முன் இருந்தேன். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென நின்றது. மூக்கின் காற்றுக்கோடு தட்டையானது. ஆனால் நெஞ்சுப்பட்டையும் வயிற்றுப்பட்டையும் எதிரெதிராக அசைந்துகொண்டிருந்தன. உடம்பு மூச்சை இழுக்கப் பார்க்கிறது, தொண்டை வழிவிடவில்லை என்று அர்த்தம். ஆக்சிஜன் 95 விழுக்காட்டிலிருந்து இறங்கி 76-க்கு வந்தது. மூளை அலைகளில் ஓர் உலுக்கல், ஒரு பெரிய உறுமல், மூச்சு திரும்பியது. ஒரு நிமிடத்தில் மறுபடியும் அதே. பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு எத்தனை முறை என்று எண்ணுவோம். ஐந்துக்குக் கீழே இருந்தால் பெரியவர்களுக்கு அது இயல்பு; முப்பதைத் தொட்டால் கடுமை. அவருக்கு ஐம்பதுக்கு மேல். அந்த இரவில் வலிப்பு வரவில்லை. ஆனால் இடது பொட்டுப் பக்கத்து எலக்ட்ரோடுகளில், வலிப்பு நோயின் அடையாளமான கூர்முனை அலைகள் தூக்கம் பிடித்த பிறகு விடாமல் வந்துகொண்டிருந்தன.

இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு எங்கள் வேலையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்வேன். வலிப்பு இருக்கிறதா என்று இஇஜி (மூளை அலைப் பதிவு) எடுக்கும்போது, சிலரை முந்தின இரவு சரியாகத் தூங்காமல் வரச்சொல்வது உண்டு. தூக்கம் கெட்டால் மறைந்திருக்கும் அந்த அலைகள் வெளியே வரும் என்பதால்தான். ஆப்னியா உள்ளவர் ஒவ்வோர் இரவும் அந்த நிலையில்தான் இருக்கிறார். எட்டு மணி நேரம் படுத்திருப்பார்; மூளை நூற்றுக்கணக்கான முறை அரைகுறையாக விழித்திருக்கும். கனவுத் தூக்கத்தில் வலிப்பு அடங்கியிருக்கும். அதற்கு வெளியே, மேலோட்டமான தூக்கத்தில்தான் அதிகம் வரும். மூச்சுத்தடை மூளையை அந்த மேலோட்டமான நிலைக்கே திரும்பத் திரும்ப இழுத்து வருகிறது. போதாததற்கு ஆக்சிஜன் வேறு ஏறி இறங்குகிறது.

மறுதிசையிலும் வழி உண்டு. வலிப்புக்கான வால்ப்ரோயேட் பலருக்கு எடையைக் கூட்டும். கழுத்தில் சதை போட்டால் மூச்சுவழி குறுகும். குளோனாசிபாம், பினோபார்பிடால் போன்றவை தொண்டைத் தசைகளைத் தளர்த்தக்கூடும். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால், விடாமல் தொடரும் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் கேட்டால் மாற்று மருந்துகள் இருக்கின்றன.

2000-இல் அமெரிக்காவில் நரம்பியல் மருத்துவர் பெத் மாலோவின் குழு, மருந்துக்கு அடங்காமல் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 39 வலிப்பு நோயாளிகளைத் தூங்கவைத்துப் பார்த்தது. யாருக்கும் ஆப்னியா இருப்பதாக முன்பு தெரிந்திருக்கவில்லை. மூன்றில் ஒருவருக்கு இருந்தது. 2008-இல் அதே ஆய்வாளர் தலைமையில், முகமூடி வழியே காற்றை அழுத்தி மூச்சுவழியைத் திறந்துவைக்கும் சிபாப் கருவியைச் சோதித்தார்கள். உண்மையான காற்றழுத்தம் பெற்றவர்களில் 28 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதியாகவோ அதற்கும் கீழேயோ குறைந்தது. போதிய அழுத்தமில்லாத கருவியை ஒப்புக்கு மாட்டிக்கொண்டவர்களில் 15 விழுக்காட்டினருக்குத்தான். சிறிய சோதனை என்பதால் அதை வைத்து உறுதியாகத் தீர்ப்புச் சொல்லமுடியாது. சிங்கப்பூரிலோ, சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரையும் வைத்து 2016-இல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மிதமான அல்லது கடுமையான மூச்சுத்தடை இருப்பதாகக் கண்டது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது தெரியவே தெரியாது.

ஈசூன்காரர் சிபாப் முகமூடிக்குப் பழக வெகுநாள் பிடித்தது. முதலில் மூச்சடைப்பதுபோல இருக்கிறது என்று கழற்றி எறிந்துவிடுவாராம். மனைவி விடவில்லை. பிறகொரு நாள் மருத்துவமனை நடைபாதையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். "மாத்திரை அதேதான்மா. வர்றது கொறஞ்சிருக்கு. நானும் இப்பத்தான் ராத்திரி தூங்குறேன்" என்றார். முழுக்க நிற்கவில்லை, எப்போதாவது வருகிறது. எல்லோருக்கும் இப்படிக் குறையும் என்றும் சொல்லமாட்டேன்.

மனைவி பக்கத்தில் இல்லாதவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதியிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான், புதுக்கோட்டைப் பக்கம். இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்து கைகால்களை உதறுவானாம். அறையில் இருந்தவர்கள் வலிப்பு என்று முடிவுகட்டிக் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். கம்பி ஒட்டி முடிக்கும்வரை அவன் கேட்டது ஒன்றுதான்: "வொர்க் பெர்மிட் போயிடுமாக்கா?" ஊரில் வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணம் இருக்கிறது, கேட்கத்தானே செய்வான்! ஆய்வில் தெரிந்தது கடுமையான மூச்சுத்தடை. கனவுத் தூக்கத்தில் மிக மோசம். மூளை அலைகள் சுத்தம். ஓர் இரவு சுத்தமாக இருந்துவிட்டால் வலிப்பே இல்லை என்று சொல்லிவிடமுடியாது. இது வலிப்பு இல்லை என்று சொல்ல மருத்துவருக்குத் துணிவைக் கொடுத்தது, மேல்படுக்கைக்காரர் கைப்பேசியில் எடுத்திருந்த வீடியோ படம். குறட்டை, நீண்ட மௌனம், துள்ளி எழுதல், உடனே பேர் சொல்லிக் கூப்பிட்டதும் தெளிவாகப் பதில். பெரிய வலிப்பு முடிந்தவர் பெரும்பாலும் கொஞ்ச நேரம் மலங்க மலங்க விழிப்பார். உடனே இப்படிப் பதில் சொல்வது அரிது.

நேர்மாறாக, குறட்டையென்று நினைத்தது வலிப்பாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன். அப்போது மூச்சு நிற்கையில் பட்டைகளும் அசையவில்லை. தொண்டை அடைக்கவில்லை, மூச்சு விடச் சொல்லும் கட்டளையே மூளையிலிருந்து வரவில்லை.

அதனால் விடுதியில் இருக்கும் தம்பிகள் மருத்துவரிடம் போகும்போது, முடிந்தால் அறைத்தோழரையும் அழைத்துப் போங்கள். அவருக்கு விடுப்புக் கிடைக்காவிட்டால் படம் எடுத்துத் தரச்சொல்லுங்கள். விளக்கைப் போட்டு, போர்வையை விலக்கி, முகமும் நெஞ்சும் ஒருசேரத் தெரிய எடுக்கவேண்டும். அடங்கிய பிறகும் நிறுத்தாமல், பேர் சொல்லிக் கூப்பிட்டு என்ன பதில் வருகிறது என்பதையும் பதியவேண்டும். வலிப்புபோலத் தெரிந்தால் முதலில் ஆளை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயிலோ கையிலோ எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் படம் எடுப்பதை விட்டுவிட்டு ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள்.