அம்மாவும் நானும் மொனாக்கோ போகிறோம்: பயணத்துக்கு முந்தைய குறிப்புகள்

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

அம்மா வாய் திறந்து ஒன்று கேட்டுவிட்டாள். முப்பது வருஷம் பள்ளியில் புவியியல் எடுத்தவள். வகுப்பில் ஐரோப்பா வரைபடத்தை மாட்டி, பிரான்சின் தென்கரையில் ஒரு குண்டூசியைக் குத்தி, "இந்த ஊசிமுனைக்குக் கீழே ஒரு முழு நாடு இருக்கு" என்பாளாம். வாடிகனுக்கு அடுத்தபடி உலகிலேயே சின்ன நாடு மொனாக்கோ. இரண்டு சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் முப்பத்தெட்டாயிரம் பேருக்கும் அதிகம்.

"அந்த ஊசிமுனையில ஒரு தடவை நடந்து பாத்துடணும்டி" என்றாள். அழைத்துப் போவதென்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மே கடைசி வாரம் போகலாம் என்று நினைத்தேன். அந்த வாரம்தான் அங்கே கார் பந்தயம், 25-ஆம் தேதி. 1929-இலிருந்து நடப்பது. தனி மைதானம் எதுவும் கிடையாது. மற்ற நாட்களில் பஸ்ஸும் ஸ்கூட்டரும் போகும் தெருக்களிலேயே 3.337 கிலோமீட்டர் சுற்று, 78 தடவை. வேலி, பார்வையாளர் மேடை எல்லாம் போட வாரக்கணக்கில் முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார்கள். அறை வாடகை கைக்கு எட்டாது, நடக்கவும் வழி இருக்காது. செப்டம்பர் கடைசியில் உல்லாசப் படகுக் கண்காட்சி. அதையும் தாண்டி அக்டோபர் முதல் வாரம் என்று வைத்துக்கொண்டோம். அரண்மனையின் உள்ளறைகளைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், அதனால் இன்னும் தள்ளிப்போடவும் முடியாது.

மார்ச் 1, சனி

இன்று முழுக்க ஒரே கவலை: அம்மாவின் முழங்கால்.

இரண்டு சதுர கிலோமீட்டர்தானே, மெதுவாக நடந்தே பார்த்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். அது தட்டையான வரைபடத்தின் கணக்கு. உண்மையில் அந்த நாடு ஒரு மலைச்சரிவு. கீழே கடல், மேலே எல்லையோரம் 160 மீட்டருக்கு மேல் உயரம். நடுவில் அகலம் சில இடங்களில் சில நூறு மீட்டர்தான். பழைய ஊரும் அரண்மனையும் இருக்கும் பாறையே 60 மீட்டர் உயரம். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரண்டு தெருக்களுக்கு நடுவே நூறு படிகள் இருக்கலாம். அம்மாவுக்கு இருபது படி ஏறினாலே இடது முழங்கால் வீங்கிவிடும்.

சொல்லத் தயங்கிச் சொன்னேன். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அங்க வயசானவங்க இல்லையா? அவங்க எப்படிப் போறாங்கன்னு பாரு" என்றாள்.

தேடியதில் கிடைத்தது. நாடு முழுக்க எழுபதுக்கும் மேற்பட்ட பொது லிஃப்டுகள், போதாததற்கு நகரும் படிகள். காசு கிடையாது. ஒரு தெருவிலிருந்து ஏறினால் மேலே அடுத்த தெருவில் இறங்கலாம். ரயில் நிலையம் 1999-இலிருந்து மலைக்குள் இருக்கிறது, அங்கிருந்தும் லிஃப்டுகள் வெவ்வேறு மட்டங்களுக்குப் போகின்றன. பாறையின் அடியில் உள்ள கார் நிறுத்தத்திலிருந்து கடலியல் அருங்காட்சியகத்தின் பக்கம் வரை லிஃப்ட்டிலேயே ஏறிவிடலாம். பணக்கார நாடு என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கப்பலும் காரும்தான். எனக்கு அந்த நாட்டின் மேல் மரியாதை வந்தது இந்த லிஃப்டுகளால்.

மார்ச் 16, ஞாயிறு

அம்மா எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

1861-இல் மாந்தோன், ரோக்புரூன் என்ற இரண்டு ஊர்களையும் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்ததில் நாட்டின் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியது இந்தக் கரைத்துண்டு. மேலே மலை, அதற்கப்பால் பிரான்ஸ். வளர வழி கடல் பக்கம் மட்டும்தான். ஃபோன்வியேய் என்ற பகுதியே கடலைத் தூர்த்து எடுத்த நிலம். இப்போது மாரெதெரா, ஆறு ஹெக்டேர், போன டிசம்பரில்தான் திறந்தார்கள். ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன் எடையுள்ள 18 கான்கிரீட் பெட்டிகளைக் கடலடியில் வரிசையாக இறக்கி அதை நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே இருந்த கடற்புல்லைப் பெயர்த்து வேறு இடத்தில் நட்டார்களாம்.

அவளுக்கு இவற்றைவிடப் பிடித்தது துறைமுகத்தின் அலைதடுப்பு. 352 மீட்டர் நீளம். ஸ்பெயினில் கட்டி, 2002-இல் கடல் வழியே இழுத்து வந்து, ஒரு முனையை மட்டும் கரையோடு ராட்சத எஃகு மூட்டில் பொருத்தி மிதக்கவிட்டிருக்கிறார்கள். அந்த மூட்டுக்குப் பிரெஞ்சில் ‘ரொட்யூல்’ என்று பெயர். முழங்கால் சில்லுக்கும் அதே சொல்தான் என்றதும் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "அத முதல்ல காட்டு."

ஜூன் 8, ஞாயிறு

தங்குவது பக்கத்துப் பிரெஞ்சு நகரமான நீஸில். விமான நிலையமும் அங்கேதான், மொனாக்கோவுக்கென்று கிடையாது. ஹெலிகாப்டர் ஏழு நிமிஷத்தில் கொண்டுபோய்விடும். நமக்கு ரயில் போதும், அரை மணிக்கும் குறைவு. எல்லைக்கு அந்தப்பக்கம் ஒட்டினாற்போல் இருக்கும் போசொலேயிலும் அறை பார்த்தேன். ஆனால் அது மேட்டுப்பகுதி, தினமும் ஏற வேண்டும்.

செல்பேசியில் கவனம் தேவை. செலவழிப்பது யூரோதான் என்றாலும் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஐரோப்பா ரோமிங் திட்டம் என்று வாங்கினால் மொனாக்கோ அதில் சேராமல் போகலாம். நான் பார்த்த இரண்டு திட்டங்களில் பட்டியலில் அதன் பெயரே இல்லை.

ஜூலை 24, வியாழன்

ஒரு நாள் வீண். மொனாக்கோவுக்குத் தனி விசா, தனிக் கட்டணம் என்று ஒரு பயண முகவர் சொன்னார். நம்பிப் பணம் கட்ட இருந்தேன். சுற்றுலாவாகப் போக பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவாக பிரான்ஸ் தரும் ஷெங்கன் விசாவே போதும். ரயிலில் எல்லை கடப்பதே தெரியாது. ஆளுக்கு 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. அம்மாவின் முழங்கால் பழைய உபாதை என்பதால் காப்பீட்டில் அது சேராது. மாத்திரையும் மருத்துவச் சீட்டும் கையோடு எடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பாஸ்போர்ட்டுகள் வந்துவிட்டன. விசாவில் இருந்த தன் படத்தை அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இரண்டு நாள், நாளுக்கு மூன்றே இடம்.

முதலில் அலைதடுப்பு, அது அம்மாவின் கட்டளை. பிறகு பாறை மேல் 11:55-க்கு அரண்மனைக் காவலர் மாறுவது, பேராலயத்தில், ஹாலிவுட் நடிகையாக இருந்து இங்கே இளவரசியான கிரேஸ் கெல்லியின் கல்லறை. மறுநாள் கடலியல் அருங்காட்சியகம்: 1910-இல் முதலாம் ஆல்பெர் இளவரசர் திறந்தது, செங்குத்துப் பாறையோடு பாறையாக நிற்கிறது. அதற்குத்தான் அதிக நேரம்.

சூதாட்ட மாளிகையை வெளியிலிருந்து பார்த்தால் போதும் என்கிறாள். மொனாக்கோ குடிமக்கள் உள்ளே விளையாடக் கூடாது என்பது சட்டம். அந்த வருமானம் வந்த தெம்பில்தான் 1869-இல் வருமான வரியையே எடுத்தார்கள். "தன் பிள்ளைங்கள மட்டும் ஆடவிடாம வச்சுக்கிட்டாங்க" என்றாள். சொன்ன விதத்தில் கோபமும் இருந்தது, மெச்சுதலும் இருந்தது.

சைவத்துக்குக் கவலையில்லை. லா கொண்டமீன் சந்தையில் கடலை மாவில் சுடும் ‘சொக்கா’ இருக்கிறது. கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துப் பொரிக்கும் ‘பர்பஜுவான்’ இருக்கிறது. இறைச்சி சேர்த்தும் செய்வார்கள் என்பதால் கேட்டு வாங்க வேண்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

நாளை இரவு விமானம். பெட்டி கட்டியாயிற்று. அம்மா கோடு போட்ட நோட்டில் மொனாக்கோவைத் தன் கையால் வரைந்து வைத்திருக்கிறாள்: உயரக் கோடுகள் பென்சிலில், நாங்கள் ஏறப்போகும் லிஃப்டுகள் சிவப்பு மையில். ஓரத்தில் ஒரு குண்டூசி குத்தியிருந்தது. விமானத்தில் கைப்பையில் வேண்டாம் என்று அதை மட்டும் எடுத்து வைத்தேன்.

நீஸிலிருந்து போகும்போது கடல் வலது கைப்பக்கம் வரும். அந்த ஜன்னலோரம் அம்மாவுக்கு.