மொட்டை மாடி வெக்கையைத் தடுக்க எதைப் போடுவது?

மேல்தளத்து வீட்டில் இரவு பத்து மணிக்கும் ஃபேன் காற்று அனலாக இறங்கினால், காரணம் தலைக்கு மேலே இருக்கும் கான்கிரீட் தளம். பகலெல்லாம் வாங்கி வைத்த வெயிலைப் பொழுது சாய்ந்த பிறகு அறைக்குள் விடுகிறது. அதனால் தடுப்பு தளத்துக்கு மேலே இருப்பதுதான் நல்லது. கீழே ஃபால்ஸ் சீலிங் அடித்துக் கிளாஸ் வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு) வைத்தாலும் அறைச் சூடு குறையும்; ஆனால் தளம் காய்வது நிற்காது. 10 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும், இரவில் திரும்பச் சுருங்கும். கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓடும் விரிசல்கள் பலவற்றுக்கு இதுதான் மூலம்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் எது அதிகம் தடுக்கும் என்று கேட்கிறார்கள். நனைந்தால் என்ன ஆகும் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கார்த்திகை மழையில் ஊறிய கிளாஸ் வுல் எதற்கும் உதவாது. வெள்ளைத் தெர்மாகோல் மெல்ல நீர் இழுக்கும். பேக்கிங்குக்கு வரும் லேசான ரகத்தை மாடியில் போட்டால் அமுங்கியும் விடும். தெளிக்கும் பியூ ஃபோம் (பாலியூரித்தேன் நுரை) தடுப்பதில் முதலிடம்தான், ஆனால் மேல்பூச்சு உரிந்தால் வெயில் அதை அரித்துவிடும், காக்கையும் கொத்தும். நடமாட்டம் உள்ள மொட்டை மாடிக்கு எங்கள் தேர்வு எக்ஸ்.பி.எஸ். பலகை, அதாவது தெர்மாகோல் இனத்தைச் சேர்ந்த, ஆனால் இறுக்கமான நுரைப் பலகை. நீர் இழுப்பது மிகக் குறைவு, மேலே நடந்தாலும் நசுங்காது. அடர்த்தி கன மீட்டருக்கு 32 கிலோவுக்குக் குறையாமல் வாங்குங்கள்.

தடிமன் எவ்வளவு? சூடு எவ்வளவு எளிதாக ஊடுருவும் என்பதைச் சொல்வது யு மதிப்பு; குறையக் குறைய நல்லது. 5 அங்குலக் கான்கிரீட் மட்டும் இருந்தால் அது ஏறத்தாழ 3.4. குடியிருப்புகளுக்கான மத்திய அரசின் எரிசக்திச் சேமிப்பு விதியான ஈகோ நிவாஸ் சம்ஹிதா கேட்பது 1.2க்குள். 25 மி.மீ. பலகை அதை 0.9 அளவுக்கு இறக்கிவிடும், 50 மி.மீ. போட்டால் 0.5. முதல் ஒரு அங்குலமே பெரிய வேலையைச் செய்துவிடுகிறது. நாள் முழுக்க ஏ.சி. ஓடும் வீட்டுக்குத்தான் 50 தேவை. 1.25க்கு 0.6 மீட்டர் பலகையானால், 1000 சதுர அடிக்குச் சேதாரத்தோடு 130 பலகை.

வேலை வரிசை: பழைய தட்டோடும் செங்கல் ஜல்லியும் பொதபொதவென்று இருந்தால் பெயர்த்தெடுங்கள். வாட்டம் 100க்கு 1 ஆவது இருக்கட்டும். வாட்டர்ப்ரூஃப் பூச்சை இரண்டு கை அடித்து, சுவர் மூலையில் கலவையால் வளைத்து ஏற்றி, 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். கசிவு இல்லையென்றால் மட்டும் பலகை. செங்கல் கட்டுவதுபோல இணைப்புகளை மாற்றி மாற்றி அடுக்கி டேப் ஒட்டுங்கள். தின்னர் கலந்த பசையோ சூடான தாரோ பட்டால் பலகை கரைந்து குழி விழும். தண்ணீரில் கலக்கும் பசைதான் சரி. விரித்த பலகையை வெயிலில் வாரக்கணக்கில் விடாதீர்கள், மேற்பரப்பு மஞ்சளாகிப் பொடியும். அதன் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை வடிய விடும் செயற்கை இழைத் துணி), கோழி வலை, 50 மி.மீ. கான்கிரீட். இதை 2 மீட்டர் கட்டங்களாக வெட்டி இடைவெளியை சீலன்ட்டால் அடைக்க வேண்டும். வெட்டாமல் ஒரே பரப்பாகப் போட்டால் முதல் கோடையிலேயே வெடிக்கும்.

இந்தக் கான்கிரீட்டே சதுர அடிக்குச் சுமார் பதினோரு கிலோ பாரம். மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் பொறியாளரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது.

கடைசி அடுக்கு கட்டாயம் வெள்ளை: கூல் ரூஃப் டைல் அல்லது பெயின்ட். பணம் குறைவென்றால் முதலில் இதை மட்டும் செய்யுங்கள், பலன் அன்றைக்கே தெரியும். புழுதி படிந்தால் வெயிலைத் திருப்பும் திறன் குறைந்துபோகும். பங்குனி பிறக்கும்போது ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஒரு இடத்தை ஆட்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்: மழைநீர்க் குழாய் வாய். மேல் கான்கிரீட்டில் விழும் நீரும், பலகைக்கடியில் இறங்கிய நீரும், இரண்டும் குழாய்க்குள் போக வேண்டும். மேல்மட்டத்துக்கு மட்டும் வாய் வைத்தால் அடியில் தேங்கும் நீர் வழி தேடிக் கைப்பிடிச் சுவருக்குள் ஏறும். வாயைப் பழைய தள மட்டத்திலேயே வைத்து, சுற்றிலும் ஒரு அடிக்குக் கலவைக்குப் பதில் கூழாங்கல்லைக் கொட்டுங்கள்.