பெயர் வெட்டிய தூக்குவாளி

நம் பள்ளி மலருக்கு விளையாட்டு விழாவைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நம் பள்ளி என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எட்டாம் வகுப்பு ‘பி’ அறை. அதில் நான் படித்ததில்லை. ஒன்பது நாள் குடியிருந்தேன்.

2009 நவம்பர். அப்போது நான் பத்தாம் வகுப்பு. ஒன்பதாம் தேதி இரவு மழை விடவே இல்லை. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் எங்கள் ஊரான கேத்தியில் மட்டும் 82 சென்டிமீட்டர் பெய்ததாகப் பிறகு சொன்னார்கள். சென்னையில் வருடம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கும் மேல் அது. நீலகிரி முழுவதும் மண் சரிந்து 40 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். எங்கள் காலனியில் உயிர் தப்பினோம். பின்சுவரைத் தள்ளிக்கொண்டு வந்த செம்மண், சமையற்கட்டில் அடுப்பு வரை வந்து நின்றது.

கீழே ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, அண்ணன்மார் ஏழெட்டுப் பேர் டார்ச் அடித்துக்கொண்டு ஏறி வந்தார்கள். யாரும் போய்க் கூப்பிடவில்லை. பாட்டிக்கு நடக்க முடியாது. ஒருவர் அவளைக் கம்பளியில் சுற்றி முதுகில் தூக்கிக்கொண்டார். “பாட்டி, கழுத்தக் கெட்டியாப் புடிச்சுக்கோங்க” என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே இறங்கினார்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம் நாங்கள். அம்மா ஹட்டிக்காரர்களின் கேரட் தோட்டத்தில் கூலிக்குப் போனவள். எங்களைச் ‘சிலோன்காரங்க’ என்பார்கள். பகை என்று எதுவும் கிடையாது. ஆனால் அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டி நாங்கள் போனதும் இல்லை. அந்த மழையில் அவர்கள் தோட்டமும்தான் அடித்துக்கொண்டு போனது. மிஞ்சிய கேரட்டையும் கிழங்கையும் மூட்டை கட்டிப் பள்ளியில் கொண்டுவந்து இறக்கினார்கள். சாலையெல்லாம் மண் மூடிக் கிடந்த நாட்கள் அவை. சத்துணவு அண்டாவில் சோறு வெந்தது. பிளஸ் டூ அக்காக்கள் காய் நறுக்கினார்கள். என் புத்தகங்களை அடுப்பு ஓரத்தில் விரித்து, ஒவ்வொரு பக்கமாகக் காய வைத்ததும் அவர்கள்தான்.

முதல் நாள் பாட்டி சாப்பிடவில்லை. கப்பலில் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் தட்டேந்தி நின்றவள் அவள். “இன்னொரு தடவ தட்டத் தூக்கிட்டு வரிசையில நிக்கமாட்டேன்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பரிமாறிக்கொண்டிருந்த ஓர் அக்கா காதில் அது விழுந்தது. அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு தூக்குவாளியில் சோறும் அவரைக் குழம்பும் எடுத்து வந்தார். பாட்டி பக்கத்தில் பாயில் உட்கார்ந்து தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு, “எனக்கும் பசிக்குது பாட்டி, சேர்ந்து சாப்பிடலாம்” என்றார். பாட்டி எழுந்து கை கழுவினாள். அப்புறம் தினமும் அப்படித்தான். அந்த அக்கா அன்று செய்ததை விடப் பெரிய உதவியை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

அவர் தன் அக்கா வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவராம், வேறு ஹட்டிக்காரர். பாட்டி ‘மகளே’ என்பாள், நாங்கள் ‘அக்கா’ என்போம். பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை. நாங்கள் குன்னூர்ப் பக்கம் குடிபோகும்போது மூட்டைக்குள் அந்தத் தூக்குவாளியும் சேர்ந்து வந்துவிட்டது. பாட்டி இப்போது இல்லை. நான் மெல்பர்ன் வந்து ஆறு வருடம் ஆகிறது. தூக்குவாளி குன்னூரில் அம்மாவிடம் இருக்கிறது. அடியில் ‘ல.கி.’ என்று வெட்டியிருக்கிறது.

இதைப் படிக்கும் கேத்திக்காரர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அந்த அக்காவைத் தெரிந்தால் மலர்க்குழுவிடம் சொல்லுங்கள். அம்மா நேரில் கொண்டுபோய்க் கொடுப்பாள். அதை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று, என்ன செய்து நிரப்புவது என்பதைக்கூட முடிவு செய்து வைத்திருக்கிறாள்.