ஒரு திருகாணி மறைத்து வைத்திருந்த இரண்டு கோளாறுகள்

என்னிடம் இருப்பது 1980களின் இறுதியில் தயாரான, நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினும், காற்றோடு பெட்ரோலைக் கலந்து தரும் கார்புரேட்டரும் கொண்ட கார். ஏறத்தாழ எட்டு மாதங்களாக அது காலையில் ஸ்டார்ட் ஆவதற்கு அடம்பிடித்து வந்தது. ஒருவழியாக ஸ்டார்ட் ஆன பிறகும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் வண்டி முழுவதும் குலுங்கி, எப்போது அணையுமோ என்ற நிலையில் நின்றது. வேகமெடுத்து ஓடும்போது மட்டும் எந்தக் குறையும் தெரியவில்லை. இந்தக் கடைசி விஷயத்தை நான் முதலிலேயே யோசித்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

யோசிக்காமல் நான் செய்தது, பலரும் செய்வதுதான். கார்புரேட்டரின் அடிப்பகுதியில் உள்ள, வெளியே திருகத் திருகக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் மிக்ஸ்சர் திருகாணியைக் கொஞ்சம் வெளியே திருகினேன். குலுக்கம் குறைந்தது. இரண்டு வாரம் கழித்து மீண்டும் குலுங்கியபோது, இன்னும் கொஞ்சம் திருகினேன். இடையில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினேன். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டராக வைத்தேன். மூடியையும் ரோட்டரையும் துடைத்தேன். இவை தேவையற்ற வேலைகள் என்று சொல்ல மாட்டேன். ஆனால், ஒவ்வொன்றையும் செய்த பிறகு திருகாணியையும் தொட்டதால், எதனால் என்ன மாறியது என்று எனக்கே தெரியாமல் போயிற்று. எண்ணிப் பார்த்தபோது, வழக்கமாக ஒன்றரையிலிருந்து இரண்டு சுற்று வரை வெளியே இருக்க வேண்டிய அந்தத் திருகாணி நான்கு சுற்றில் நின்றிருந்தது.

ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருக்கும். எஞ்சின் உறிஞ்சுவதற்குத் தட்டின் ஓரத்தில் ஒரு கீற்று இடைவெளிதான் உண்டு. ஆகவே தட்டுக்குக் கீழே, சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் மானிஃபோல்டில் வெற்றிடம் மிக அதிகமாக, நல்ல எஞ்சினில் பாதரச அளவில் 17 முதல் 22 அங்குலம் வரை இருக்கும். அந்த நேரத்தில் எங்கேனும் ஒரு சிறு வெடிப்பு வழியாகக் காற்று புகுந்தால், உள்ளே போகும் மொத்தக் காற்றில் அது பெரும் பங்காகிவிடும். பெட்ரோல் போதாமல் எஞ்சின் திணறும். அதே வெடிப்பு, த்ராட்டில் நன்றாகத் திறந்து ஓடும்போது, வெள்ளத்தில் விழுந்த துளியைப் போலக் கணக்கிலேயே வராது. வேகத்தில் சுகம், ஐடிலிங்கில் குலுக்கம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றுக் கசிவைத்தான். காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கும் இதே காரணம் பொருந்தும்: சோக் கார்புரேட்டரின் மேல்வாயை அடைப்பதே பெட்ரோல் வரும் ஜெட்டுகளில் உறிஞ்சலைக் கூட்டுவதற்காகத்தான், கீழே ஓர் ஓட்டை இருந்தால், காற்று அந்தக் குறுக்கு வழியாக நுழைந்து சோக்கின் வேலையைக் கெடுத்துவிடும்.

நான் ஒரு வெற்றிட அளவியை மானிஃபோல்டில் இணைத்துப் பார்த்தேன். முள் 14இல் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. பற்றவைப்பு நேரம் பிந்தியிருந்தாலும் அளவு குறையக்கூடும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால் கழற்றிய பிளக்குகளில் ஒரு சாட்சி இருந்தது. முதல் மூன்றும் மங்கிய பழுப்பில் இருக்க, நான்காவதன் முனை மட்டும் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்திருந்தது. எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான கோளாறாக இருந்தால் நான்கும் ஒரே நிறத்தில் அல்லவா இருக்கும்? நான்காவது சிலிண்டரின் பாதையில் தனியாக என்ன இருக்கிறது என்று பார்த்தேன். வெற்றிடத்தைக் கொண்டு பிரேக் மிதியின் விசையைக் கூட்டும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸ் அங்கேதான் மானிஃபோல்டில் சேர்கிறது.

கசிவைக் கண்டுபிடிக்க கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சிப் பார்ப்பவர்கள் உண்டு. எஞ்சின் ஓடும்போது, சூடான எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் தீப்பற்றும் திரவத்தைத் தெளிப்பது எனக்கு ஒப்பவில்லை. மாறாக, எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, ஒவ்வொரு ஹோஸையும் மானிஃபோல்டுக்கு அருகில் துணி சுற்றிய இடுக்கியால் அழுத்திப் பார்த்தேன். இரண்டு மெல்லிய ஹோஸ்களில் எந்த மாற்றமும் இல்லை. பூஸ்டர் ஹோஸை அழுத்தியதும், உடைந்து உடைந்து வந்த சத்தம் ஒரே நூலாகக் கோத்ததுபோல் சீராயிற்று. இடுக்கியை விட்டதும் பழையபடி குலுங்கியது. ஐந்தாறு முறை விட்டு விட்டு அழுத்திப் பார்த்தேன், தேவைக்காக அல்ல, மகிழ்ச்சிக்காக.

அணைத்துவிட்டுப் பார்த்தபோது ஹோஸில் எதுவும் தெரியவில்லை. பூஸ்டர் பக்க முனையில் கிளிப்பைத் தளர்த்தி ரப்பரை வளைத்ததும், அடிப்புறத்தில் விரல் நக அளவுக்கு ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. வளைவை விட்டால் மூடிக்கொண்டது. அந்த இடத்தில், பூஸ்டருக்கென்றே தயாரான புதிய ஹோஸைப் போட்டேன். சாதாரண ரப்பர் குழாய் வெற்றிடத்தில் சப்பையாகி உட்புறம் ஒட்டிக்கொள்ளும். பிரேக் விஷயத்தில் அந்தச் சிக்கனம் கூடாது.

திருகாணியைப் பழையபடி உள்ளே கொண்டுவந்தேன். மறுநாள் காலை, சோக்கை இழுத்து செல்ஃப் அடித்தவுடன் பிடித்துக்கொண்டது. முள் 18இல் அசையாமல் நின்றது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

அன்று மதியம் ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தி, இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட் ஆகவில்லை. நீண்ட நேரம் செல்ஃப் அடித்த பிறகு, கரும்புகையோடும் பெட்ரோல் வாடையோடும் எழுந்தது. ஐடிலிங்கும் சூடான பிறகு கனத்து, தடுமாறித் துடித்தது. முன்பு பட்டினி, இப்போது அஜீரணம். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் அறைக்கு வரும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வ் சரியாக அடைக்காமல், அங்கே மட்டம் உயர்ந்திருந்தது. வெடிப்பு வழியாக வந்த கூடுதல் காற்று, இந்தக் கூடுதல் பெட்ரோலை இத்தனை நாளும் ஈடுகட்டிக்கொண்டிருந்தது. திருகாணி அந்தக் கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டிருந்தது. ஒரு கோளாறை நீக்கியதும் மற்றொன்று தனியாக வெளியே வந்துவிட்டது.

இதை உறுதி செய்ய, சூடான எஞ்சினை அணைத்து, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, டார்ச் விளக்கால் கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்தேன். நடுக்குழாயின் நுனியில் ஒரு துளி திரண்டு, தயங்கி, சொட்டியது. அடுத்ததும் அப்படியே. எஞ்சின் நின்றதும் குளிர்நீர் சுற்றுவதில்லை. ஆகவே சூடு மேலேறி கார்புரேட்டரைத் தாக்கும். பெட்ரோல் பொங்கிச் சற்று சொட்டுவது நல்ல வண்டியிலும் நடக்கக்கூடியதுதான். ஆனால் அறையில் மட்டம் ஏற்கெனவே உயர்ந்திருந்தால் நிலைமை வெறும் சொட்டலோடு நிற்காது. கழற்றிப் பார்த்த நீடிலின் கூம்பில், நகத்தை வைத்தால் தட்டுப்படும் அளவுக்கு வட்டமாக ஒரு தேய்மானப் பள்ளம் இருந்தது. நீடிலையும் அது உட்காரும் இருக்கையையும் சேர்த்தே மாற்றி, ஃப்ளோட் உயரத்தைச் சரிசெய்தேன்.

வண்டி இப்படிப் பெட்ரோல் அளவுக்கு மீறி ஓவர்ஃப்ளோ ஆகி நிற்கும்போது ஆக்சிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்கக் கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் பம்ப் இன்னொரு பீச்சுப் பெட்ரோலை உள்ளே விடும். ஒரே மிதியாகக் கடைசி வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், காற்று நிறையப் போய் உள்ளே தேங்கியதைத் துடைத்துவிடும். குளிர்ந்த எஞ்சினுக்கு உதவும் பழக்கமே சூடான எஞ்சினைக் கெடுப்பதால், ஸ்டார்ட்டிங் பிரச்சினை என்று யாராவது சொன்னால் ‘காலையிலா, நிறுத்தி எடுக்கும்போதா’ என்றுதான் இப்போது முதலில் கேட்கிறேன்.

திருகாணி இப்போது ஒன்றே முக்கால் சுற்றில் இருக்கிறது. அதன் தலையில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஐடிலிங் நிமிடத்துக்கு 800 சுற்றில் நிற்கிறது. குலுக்கம் போன அமைதியில், வால்வுகளை அழுத்தித் திறக்கும் டேப்பட்டின், இதுவரை கேட்காத சத்தம் ஒன்று மெல்லக் கேட்கிறது. சத்தம் போடும் டேப்பட் தளர்ந்தது, அது எனக்குப் பெரிய கவலை இல்லை. இறுகிப்போய், சத்தமே போடாமல் எக்ஸாஸ்ட் வால்வைக் கருக்கும் டேப்பட் பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று, வருகிற விடுமுறை நாளில் எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து பார்க்க வேண்டும்.