கார்பென்டர் பிராக்டிகல்: டேபிள் சாவில் சாய்வெட்டு வந்தால்

ஐடிஐ கார்பென்டர் பிராக்டிகலுக்குத் தயாராகும்போது நேர்வெட்டில் யாரும் பெரிதாகத் திணறுவதில்லை. டேபிள் சாவில் (மேஜைக்கு நடுவே வட்ட பிளேடு சுழலும் ரம்பம்) கோணத்தில் வெட்டச் சொன்னால்தான் கை தயங்கும். படச்சட்டம் செய்து பழகியபோது எனக்குப் பிடிபட்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில், கட்டையைத் திருப்பி வெட்டப் போகிறீர்களா, பிளேடைச் சாய்த்து வெட்டப் போகிறீர்களா என்று தெளிவாகிவிடுங்கள். முன்னது மைட்டர், பின்னது பெவல். இரண்டிலும் ஆபத்து வேறு வேறு இடத்தில் இருக்கிறது.

மைட்டர் வெட்டில் கட்டை நழுவப் பார்க்கும். பல் மரத்தில் இறங்கியதும் கட்டை, கேஜ் (கட்டையைக் கோணத்தில் தாங்கித் தள்ளும் பிடிமானம்) முகத்தோடு மெல்ல வழுக்கும். அரை மில்லிமீட்டர் வழுக்கினாலே மூலை சேராது. கேஜில் ஒரு நீளமான நேர்ப்பலகையைத் திருகி, அதன் முகத்தில் உப்புத்தாளை ஒட்டிவிடுங்கள். கட்டையை கிளாம்ப் போட்டுப் பிடித்தால் இன்னும் நல்லது. விரலும் பிளேடிலிருந்து தள்ளியே இருக்கும். ஆறு அங்குலத்துக்குள் கை போகவே வேண்டாம். ஃபென்ஸை, அதாவது பிளேடுக்கு இணையாக நிற்கும் நேர்த்தடுப்பை, கழற்றி வைத்துவிடுங்கள். கேஜ், ஃபென்ஸ் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால், வெட்டுப்பட்ட துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே சிக்கி உங்கள் பக்கமே பறந்து வரும். பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் எறியப்படும் துண்டுக்கு நேராக நிற்கலாமா? பிளேடின் கோட்டிலிருந்து ஒரு ஓரமாக விலகி நில்லுங்கள்.

கோணக் கணக்கு எளிது. 180-ஐப் பக்க எண்ணிக்கையால் வகுத்தால் போதும்: நான்குக்கு 45, ஆறுக்கு 30, எட்டுக்கு 22.5. ஆனால் கேஜ் அளவுகோலை அப்படியே நம்பக் கூடாது. நான்கு மூலையில் எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி பிசகினால் கடைசி மூலையில் 4 டிகிரி இடைவெளி வாய் பிளந்து நிற்கும். ஒரே அகலமுள்ள இரண்டு வீண்துண்டுகளை வெட்டி, சேர்த்து வைத்து, உள்மூலையில் மூலைமட்டத்தை வையுங்கள். வெளிச்சம் தெரிந்தால் கேஜைத் தட்டிச் சரிசெய்து, மறுபடி வெட்டிப் பாருங்கள். தேர்வு நேரம் போகிறதே என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள், அப்புறம் இடைவெளியை மரத்தூளும் பசையும் வைத்து அடைக்க அதைவிட அதிக நேரம் செலவழிக்கிறார்கள்.

பெவலில் ஒரே ஒரு விஷயம் முக்கியம்: பிளேடு எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஃபென்ஸ் இருக்க வேண்டும். மாறி வைத்தால் கட்டை, சாய்ந்த பிளேடின் அடியில் மாட்டிக்கொள்ளும். சாய்த்த பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். நேர்வெட்டுக்குப் போட்ட, பிளேடைச் சுற்றி ஒடுக்கமான துளையுள்ள மேஜைத் தகடு அதில் உரசும். பெரும்பாலான வெட்டுக்கு, பிளேடை மூடும் கார்டைக் கழற்றத் தேவையே இல்லை, ரைவிங் கத்தியும் (பிளேடுக்குப் பின்னால் நின்று வெட்டு மூடாமல் தடுக்கும் தகடு) பிளேடோடு சேர்ந்து சாயும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கையுறை ஏன் கூடாது என்று கேட்பார்கள். துணி பல்லில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும் என்று காரணத்தோடு சொல்லுங்கள். தளர்ந்த சட்டைக் கைக்கும் அதே பதில்தான். வெட்டிய துண்டை எப்போது எடுப்பது என்றும் கேட்கலாம்: சுவிட்சை அணைத்து, பிளேடு முழுக்க நின்ற பிறகு.