இரண்டு முறை பெயர்த்தெடுத்த போடி லைன்

மதுரையில் போடி ரயில் ஏறினால், உசிலம்பட்டி தாண்டியதும் நான் ஜன்னலை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆண்டிபட்டிக் கணவாய் வரும். ரெண்டு பக்கமும் வெட்டின பாறை, கைநீட்டினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு கிட்டத்தில் நகரும், பெட்டிக்குள்ளே திடீரென்று நிழல் விழும், சக்கரச் சத்தம் பாறையில் மோதித் திரும்பி வரும். தண்டவாளம் ஒரு மீட்டர் அகலமே இருந்த மீட்டர் கேஜ் காலத்தில் அந்த வெட்டு இன்னும் குறுகல்.

1928-ல் தென்னிந்திய ரயில்வே போட்ட பாதை இது. மொத்தமே 90 கிலோமீட்டர்தான். ஆனால் மலையில் விளைகிற ஏலக்காய், மிளகு, காபி எல்லாம் இறங்கி வந்து சேருகிற ஊர் போடி, அதோடு பாதையும் முடிந்துவிடும், அதற்கு மேலே போடிமெட்டு ஏற வேண்டியதுதான். அப்படிப்பட்ட ஊருக்கு ரயில் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அது நிம்மதியாக ஓடியதா என்றால் இல்லை. இரண்டாம் உலகப் போரில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்து, தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போர் முடிந்து, நாடு சுதந்திரம் அடைந்து, 1950-களில்தான் மறுபடியும் ரயில் வந்தது.

அப்புறம் 2010 கடைசியில், அகலப் பாதை போடுவதற்காக இரண்டாவது முறையாக நின்றது. இதைத்தான் என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இந்தத் தடவை போரும் இல்லை, ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் கொஞ்சூண்டு நிதி, கொஞ்சூண்டு வேலை, அவ்வளவுதான். தேனிக்கு ரயில் வர 2022 மே ஆகிவிட்டது, போடிக்கு 2023 ஜூன். நின்றபோது பிறந்த குழந்தை ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டது! அதற்குள் எங்கள் பக்கத்து ஜனங்கள் எல்லோரும் பஸ்ஸுக்குப் பழகிவிட்டார்கள், ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்கிற பேச்சே வீடுகளில் இல்லாமல் போனது.

தேனிக்கு ரயில் விட்ட வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். உட்கார்ந்ததும் எதிர் சீட்டைத் தடவிப் பார்த்தார். "பழசுல எதுத்தாப்ல இருக்கவங்க முட்டி இடிக்கும்டா" என்றார். கணவாய் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, பாறை முடிகிற வரைக்கும் வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தார்.