குவான்ட் வேலைக்கு எங்கே படிப்பது: நான் முடிவெடுத்த விதம்

பி.எஸ்சி. கணிதம் கடைசி வருடத்திலேயே குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸ் பக்கம்தான் போவது என்று தீர்மானம் செய்துவிட்டேன். கணிதத்தையும் புள்ளியியலையும் வைத்து நிதிச் சந்தையின் விலை, ரிஸ்க் எல்லாம் கணக்கிடும் துறை அது, அதில் இருப்பவரைத்தான் குவான்ட் என்பார்கள். ஆனால் எங்கே படிப்பது என்பதுதான் மாதக்கணக்கில் இழுத்தது. கடலூரில் யாரிடம் கேட்டாலும் சி.ஏ. படி என்பார்கள், இல்லாவிட்டால் எம்.பி.ஏ. என்பார்கள். இரண்டும் நல்ல படிப்புதான், ஆனால் நான் கேட்டது அது இல்லை.

முதலில் பாண்டியில் ஒரு வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை மையத்துக்குப் போனேன். தரவரிசைப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து, அதில் ஒரு படிப்பை மட்டும் விடாமல் சிபாரிசு செய்தார்கள். பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் கணக்குப் பதிவியல், மேலாண்மை. நிகழ்தகவு ஒரே ஒரு தாள். இதை எந்தத் துறை நடத்துகிறது என்று கேட்டேன், அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னது எங்கள் கல்லூரி சீனியர் அண்ணா. பெங்களூரில் ஒரு வெளிநாட்டு வங்கியின் மாடல் வேலிடேஷன் பிரிவில் இருக்கிறார், அதாவது மற்றவர்கள் கட்டிய விலை மாடல், ரிஸ்க் மாடலையெல்லாம் சோதித்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதலுக்குப் பிறகு பெரிய வங்கிகளில் இந்த வேலை நன்றாக விரிந்தது. போனில் அவர் கேட்ட முதல் கேள்வியே, "தம்பி, குவான்ட்னா எந்தக் குவான்ட்?" என்பதுதான். டெரிவேட்டிவ்களுக்கு (பங்கு போன்ற வேறொன்றின் விலையை ஒட்டி மதிப்பு மாறும் ஒப்பந்தங்கள்) விலை போடுபவர், ரிஸ்க் பார்ப்பவர், டிரேடிங் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்பவர் என்று மூவருக்கும் வேறு வேறு வாசல். கடைசி வகை நிறுவனங்கள் நம் நாட்டில் பெரும்பாலும் ஐ.ஐ.டி. வளாகங்களிலேயே ஆளை எடுத்து முடித்துவிடும். அப்புறம் ஒரு கணக்குப் போட்டார். காசைச் சுண்டிக்கொண்டே இரு, அடுத்தடுத்து தலை தலை விழச் சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? தலை, அடுத்து பூ விழ எத்தனை? இரண்டும் ஒன்றுதானே என்றுதான் யாருக்கும் தோன்றும், ஆனால் முதலாவது 6, இரண்டாவது 4. இன்டர்வியூவில் இந்த மாதிரிதான் கேட்பார்களாம். இதைச் சொல்லித் தரும் துறை எது என்று பார், படிப்பின் பெயரைப் பார்க்காதே என்றார்.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தபோது எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. நியூயார்க்கில் பரூக் கல்லூரியின் படிப்பைக் கணிதத் துறை நடத்துகிறது, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் (என்.ஒய்.யு.) கூரான்ட் கணித நிறுவனம். பெர்க்லியில் அது வணிகப் பள்ளியின் கீழ் இருக்கிறது, அதற்காக மட்டம் என்று அர்த்தமில்லை, அங்கே கணக்கு வெளுத்து வாங்கும். ஆனால் பெயர் தெரியாத ஒரு வணிகப் பள்ளி ஃபைனான்ஸ் என்று பலகை மாட்டினால் நான் இரண்டு தடவை யோசிப்பேன்.

சரி, பணம். அமெரிக்காவில் பெயர் பெற்ற பல படிப்புகளின் கட்டணமே 80,000 டாலரை ஒட்டி வருகிறது, சிலவற்றில் இன்னும் அதிகம். பரூக் அரசுக் கல்லூரி என்பதால் குறைவு, ஆனால் அவர்கள் சேர்ப்பதே சின்னக் கூட்டம். வீட்டில் உட்கார்ந்து அப்பாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன்: 60 லட்சம் கடன், 11 சதவீதம் வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை 82 ஆயிரத்துச் சொச்சம். படித்து முடித்ததும் அங்கே வேலை செய்ய 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பு என்றால் மேலும் 24 மாதம் அனுமதி உண்டு, அதற்குப் பிறகு எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். அப்பா கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, "குலுக்கல்ல வரலன்னா இந்த எண்பத்தி ரெண்டாயிரத்த இங்க எந்த சம்பளத்துல கட்டுவ?" என்றார். ரிஸ்க் மேனேஜ்மென்ட் தாளே எழுதியிருக்கலாம் அவர்.

உள்நாட்டில் ஐ.எஸ்.ஐ.யின் (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) புள்ளியியல் முதுகலையான எம்.ஸ்டாட்தான் என் கனவு, உதவித்தொகையும் தருகிறார்கள், ஆனால் அந்த நுழைவுத் தேர்வு எனக்கு எட்டவில்லை. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியல் தாள் எழுதினேன். அதில் பாதிக்கு மேல் புள்ளியியல், கணிதம் படித்தவர்கள் அதைத் தனியாக உட்கார்ந்து படித்தால்தான் உண்டு. நான் கேட்ட பம்பாயும் கான்பூரும் அந்த ரேங்குக்குக் கிடைக்கவில்லை.

முதுகலைக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் பி.ஜி. வழியாகக் கிடைத்தது காலாப்பட்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸ் இருக்கிறது என்பது பக்கத்து ஊர்க்காரனான எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது, அதை நடத்துவது புள்ளியியல் துறை. பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஈ.சி.ஆர். பஸ் பிடித்துப் போய், அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களிடம் பேசினேன். தேர்வில் என்ன கேட்கிறார்கள், கோடிங் எவ்வளவு, முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று மூன்றை மட்டும் துருவித் துருவிக் கேட்டேன். அங்கே போய்ப் பேசியதில் தெரிந்தது எந்தக் கையேட்டிலும் இல்லை. கட்டணத்தை வெளிநாட்டோடு ஒப்பிடவே முடியாது, கடலூரிலிருந்தே போய் வரவும் முடியும். சேர்ந்துவிட்டேன்.

கோடிங்குக்கு வேண்டிய சி++ மொழியை நானாகத்தான் படிக்கிறேன். இன்னொரு வழியும் மனதில் இருக்கிறது: சோர்போன் பல்கலைக்கழகமும் எகோல் பாலிடெக்னிக்கும் பாரிஸில் நடத்தும் நிகழ்தகவு-நிதி முதுகலை. நிக்கோல் எல் கரூயி என்ற கணித அறிஞர் தொடங்கி வளர்த்தது, வங்கிகளில் அவர் பெயரைச் சொல்லித்தான் அதைக் குறிப்பிடுகிறார்கள். அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் சில ஆயிரம் யூரோவுக்குள் அடங்கும், ஆனால் பாடம் பிரெஞ்சில், நுழைய அளவைக் கோட்பாடு (மெஷர் தியரி, நிகழ்தகவுக்கு அடித்தளமான கணிதம்) கெட்டியாக இருக்க வேண்டும். பாண்டியில் பிரெஞ்சு வகுப்புக்கு அலைய வேண்டியதில்லை என்பது ஒரு வசதி. இப்போது பிரெஞ்சில் ஏ2 என்ற அடிப்படை நிலை முடித்திருக்கிறேன். அதற்கு இரண்டு படி மேலே உள்ள பி2 வந்துவிட்டால் விண்ணப்பிப்பேன், வராவிட்டால் அண்ணா சொன்ன பெங்களூர் வேலைக்கு முயற்சி செய்வேன்.